அசல் 43 மாதம், வட்டி 90 வருடம்

நூறு வயது தாண்டிய யாரைப் பார்த்தாலும் நிருபர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஐயா, உங்கள் ஆயுள் ரகசியம் என்ன? கேழ்வரகுக் கூழ், அதிகாலை நடை, ஆண்டவன் கிருபை என்று ஏதாவது பதில் வரும். குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஹென்றி அலிங்ஹாமிடமும் கேட்டார்கள். சிகரெட், விஸ்கி, அப்புறம் அடங்காத பெண்கள் என்றார் மனிதர். லண்டன் பத்திரிகைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

உண்மையில் அவர் ஒரே மனைவியோடு ஐம்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவர். அந்த அம்மாள் போனபிறகு முப்பத்தொன்பது வருடம் தனியாகவே இருந்தவர். தமாஷ் வேறு, வாழ்க்கை வேறு.

2009ஆம் வருடம் ஜூலை 18ஆம் தேதி அவர் இறந்தபோது வயது 113. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னால்தான் உலகத்திலேயே வயதான ஆண் என்ற பட்டம் அவருக்கு வந்திருந்தது. ஜப்பானில் ஒரு தாத்தா காலமானதால் வந்த பட்டம். இந்த மாதிரிப் பட்டங்களில் அது ஒரு சங்கடம். இன்னொருவர் போனால்தான் நமக்கு.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அவருடைய வயதைப் பற்றி இல்லை. அவர் கையில் பிடித்த ஸ்பேனரைப் பற்றி. எண்பது வருடத்துக்கும் மேலாக வாயில் போட்டுக்கொண்ட பூட்டைப் பற்றி. கடைசியில் அந்தப் பூட்டை எதற்காகத் திறந்தார் என்பதைப் பற்றி.

1896 ஜூன் 6. லண்டனில், கிளாப்டன் என்ற பகுதியில் பிறந்தார். விக்டோரியா மகாராணியின் ஆட்சி. அப்போது உலகத்தில் விமானம் என்ற ஒரு வஸ்துவே கிடையாது. ரைட் சகோதரர்கள் பறந்து காட்ட இன்னும் ஏழு வருடம் பாக்கி இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழந்தைக்குப் பதினாலு மாதம் ஆனபோது அப்பா காசநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் தாத்தா பாட்டியும்தான் வளர்த்தார்கள். படித்து முடித்ததும் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் வேலைக்குப் பயிற்சியாளராகப் போனார். பிடிக்கவில்லை. மோட்டார் வண்டிகளுக்கு பாடி கட்டுகிற கம்பெனி ஒன்றுக்குத் தாவிவிட்டார். நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அந்தத் தொழில்தான்.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. இங்கிலாந்து முழுக்க வாலிபர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதற்குள் ஒருமுறை போய்ச் சண்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பலரும் நம்பிய காலம். ஹென்றிக்கும் ஆசை. மோட்டார் சைக்கிளில் சேதி கொண்டுபோகிற வேலை கிடைத்தால் போதும் என்று நினைத்தார்.

அம்மா, வேண்டாம் என்றார். புருஷனைப் பறிகொடுத்தவர். இருப்பது ஒரே பிள்ளை. என்னோடு இரு என்றார்.

இருந்தார்.

வீரகாவியம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை நாசூக்காகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாய் நாட்டுக்காகத் தாயை விட்டுப் போனவன்தானே கதாநாயகன்! ஹென்றி நேர் எதிர். ஊரே துப்பாக்கி தூக்கிக்கொண்டு போனபோது அம்மா பேச்சைக் கேட்டு வீட்டோடு இருந்தார். 1915இல் அம்மா இறந்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச வயதுதான். அதன்பிறகு அவரைப் பிடித்துவைக்க வீட்டில் யாரும் இல்லை. அந்த வருடமே கடற்படையின் விமானப் பிரிவில் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 21ஆம் தேதி பதவி உறுதியானது. ஏர் மெக்கானிக், இரண்டாம் நிலை.

இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். விமானம் கண்டுபிடித்துப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதை ரிப்பேர் பார்ப்பதற்கு யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? கற்றுக்கொடுக்க வாத்தியார் ஏது? கார் பாடி கட்டத் தெரிந்தவன், தச்சன், சைக்கிள் கடைக்காரன் என்று கையில் தொழில் இருந்தவர்களைப் பிடித்துப் போட்டார்கள். அவர்களும் தொட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

அன்றைய விமானம் என்பது என்ன? மரச்சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. துணி விறைப்பாக நிற்பதற்கு ஒரு பூச்சு. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். நடுவில் ஓர் எஞ்சின். அந்த எஞ்சினிலும் பலவற்றில் ஒரு வேடிக்கை. எஞ்சின் நிற்க, அதன் தண்டு சுற்றுவதுதானே உலக வழக்கம்? இதில் தண்டு நிற்கும், சிலிண்டர்களோடு சேர்ந்து மொத்த எஞ்சினும் சுற்றும். காற்றில் சுற்றிச்சுற்றியே சூடு தணியும்.

அதற்கு மசகு எண்ணெய் எது தெரியுமா? நம்முடைய விளக்கெண்ணெய். பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால் அதைத்தான் ஊற்றினார்கள். அன்றைக்கு உலகத்துக்கு ஆமணக்கு அனுப்பிய முக்கியமான தேசங்களில் இந்தியாவும் ஒன்று. ஊற்றிய எண்ணெய் எஞ்சினைச் சுற்றி வந்து புகையும் துளியுமாக பைலட்டின் முகத்தில் அடிக்கும். முழு நாளும் விளக்கெண்ணெயைச் சுவாசித்தால் வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகாய வீரர்களின் பராக்கிரமங்களை எழுதிய பலர் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சிரித்தது போதும். இன்னொரு தகவல். அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு பாராசூட் கொடுக்கப்படவில்லை. மேலே போனபிறகு ஒரு கம்பி அறுந்தாலோ எஞ்சின் நின்றாலோ, விமானத்தோடு சேர்ந்து கீழே வரவேண்டியதுதான். அதாவது ஒரு மெக்கானிக் ஒரு திருகைச் சரியாக முடுக்காமல் விட்டால் ஒரு பையன் செத்துப்போவான். இருபது வயசுப் பையன். காலையில் கூடவே டீ குடித்துவிட்டுப் போன பையன்.

அதுதான் ஹென்றியின் உத்தியோகம்.

கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் என்ற ஊர். அங்கே விமானத் தளம். 1916 மே மாதக் கடைசியில் கிங்ஃபிஷர் என்ற ஒரு மீன்பிடிக் கப்பலில் அவரை ஏற்றி அனுப்பினார்கள். கப்பலில் ஒரு கடல் விமானம். ஜெர்மனியின் ராட்சத ஆகாயக் கப்பல்களான ஜெப்லின்கள் வருகின்றனவா என்று வேவு பார்க்கவேண்டும். விமானத்தைக் கப்பலிலிருந்து தண்ணீரில் இறக்குவது, ஓட்டி அனுப்புவது, திரும்பி வந்தால் தூக்கி வைப்பது. கண்காணிப்பு வேலை, அவ்வளவுதான்.

அப்படித்தான் நினைத்துப் போனார்கள். போய் மாட்டிக்கொண்டது ஜுட்லாண்ட் யுத்தத்தின் ஓரத்தில். முதல் உலகப்போரின் மாபெரும் கடற்போர். மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 250 கப்பல்கள் மோதின. எட்டாயிரம் பேருக்கும் மேல் செத்தார்கள். ஹென்றியின் மீன்பிடிக் கப்பல் நேரடியாகச் சண்டையில் இறங்கவில்லை. கடற்படையின் பின்னால் நிழல்போலப் போய் வந்தது. பின்னாளில் அந்த யுத்தத்தில் இருந்தவர்களில் உயிரோடு எஞ்சிய கடைசி மனிதர் என்று உலகம் அறிந்தது இந்த மெக்கானிக்கைத்தான். பெரிய பெரிய அட்மிரல்களின் பெயரெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சாட்சி சொல்ல மிஞ்சியது ஸ்பேனர் பிடித்தவர்.

1917 செப்டம்பரில் பிரான்ஸுக்கு மாற்றல். அப்போது பெல்ஜியத்தில் மூன்றாவது இப்ரே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாஷன்டேல் என்று சொன்னால் சரித்திரம் படித்தவர்களுக்குப் புரியும். மழை, சேறு, சேற்றில் முங்கிச் செத்தவர்கள். அங்கே இவருடைய வேலைகளில் ஒன்று, விழுந்து நொறுங்கிய விமானங்களைத் தேடிப் போய் உபயோகமான பாகங்களைக் கழற்றிக்கொண்டு வருவது. உதிரி பாகத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. பாகத்தோடு சில சமயம் வேறென்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அல்லது வேண்டாம், யோசிக்காதீர்கள்.

ஓர் இரவு அவர் இருட்டில் கால் இடறி, குண்டு விழுந்த பள்ளம் ஒன்றுக்குள் விழுந்துவிட்டார். உள்ளே தண்ணீர். தண்ணீரில் அழுகிய கை, கால்கள். செத்த எலிகள். நகர்ந்தால் இன்னும் ஆழம் இருக்குமோ என்ற பயம். விடிகிறவரை நனைந்த துணியோடு அங்கேயே கிடந்தார்.

பதுங்கு குழிகளில் தண்ணீருக்குள் நின்றபடி உத்தரவுக்காகக் காத்திருந்த காலாட்படைச் சிப்பாய்களையும் அவர் பார்த்தார். அடுத்து நடக்கப்போவது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றார்கள். அந்த முகங்களைக் கடைசிவரை அவரால் மறக்க முடியவில்லை.

1918 ஏப்ரல் 1. கடற்படை விமானப் பிரிவையும் ராணுவ விமானப் பிரிவையும் ஒன்றாக்கி ராயல் ஏர்ஃபோர்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். அன்றைக்கு டன்கிர்க் டிப்போவில் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஹென்றிக்கும் பெயர்ப்பலகை மாறியது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசளவில் அவர் கடற்படைக்காரர். 90 வருடம் கழித்து அதே ஏர்ஃபோர்ஸ், எங்களைத் தொடங்கிவைத்தவர்களில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் என்று அவரைக் கொண்டாடப்போகிறது என்பது அன்றைக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

அதே வருடம் கல்யாணம். யார்மத்தில் வேலை பார்த்தபோது பழக்கமான டோரதி. 1919 ஏப்ரலில் படையிலிருந்து விடுவித்தார்கள். நேராக வீட்டுக்கு வந்தார். வேலை தேடினார். மோட்டார் தொழிலிலேயே மறுபடி நுழைந்தார். ஃபோர்டு கம்பெனியிலும் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகள். வாடகை, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை. லட்சக்கணக்கான குடும்பஸ்தர்களில் ஒருவர்.

இரண்டாவது உலகப்போர் வந்தபோது வயது நாற்பத்து மூன்று. துப்பாக்கி தூக்கச் சொல்லவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவனை யார் விடுவார்கள்? 1939 கிறிஸ்துமஸ். குடும்பத்தோடு விருந்துச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார். உடனே கிளம்பி வரவும் என்று அழைப்பு.

விஷயம் இதுதான். ஜெர்மனி, காந்தக் கண்ணிவெடிகளைக் கடலில் போட ஆரம்பித்திருந்தது. பழைய வெடி கப்பல் வந்து முட்டினால்தான் வெடிக்கும். இது முட்டவே வேண்டாம். இரும்புக் கப்பல் மேலே வந்தாலே அதன் காந்தப்புலத்தை உணர்ந்து அடியிலிருந்து வெடித்துவிடும். துறைமுகங்கள் ஸ்தம்பித்துப் போயின. ஹார்விச் துறைமுகத்தைத் திறந்தாக வேண்டும், வெடிகளைச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாட்டை வடிவமைக்க உதவ வேண்டும் என்று கூப்பிட்ட குழுவில் இவரும் ஒருவர். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். ஒன்பது நாளில் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்தார்.

இதற்காகவும் அவர் மார் தட்டிக்கொண்டதில்லை. முதல் போரின் மெடல்கள் லண்டனில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது அழிந்துபோயின. மெடலும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த யுத்தம் என்று ஒன்று நடந்ததையே தன் வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார்.

ஏன் என்று கேட்கலாம். மறக்க விரும்பினேன் என்பதுதான் அவர் பிற்பாடு சொன்ன பதில். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவரவேண்டும், குழந்தைகள் சிரிக்கவேண்டும். அந்தப் பள்ளத்தின் நாற்றத்தை எதற்குச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவர வேண்டும்? அந்தத் தலைமுறையில் எத்தனையோ அப்பாக்கள் இப்படித்தான் இருந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுவது என்றால் சில விஷயங்களிடமிருந்தும் காப்பாற்றுவது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

1970இல் டோரதி இறந்தார். அப்போது இவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. இனி என்ன, கொஞ்ச காலம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் தனியாக வாழ ஆரம்பித்தார். எண்பது வந்தது. தொண்ணூறு வந்தது. நூறு வந்தது. மகள்கள் இருவரும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். நூற்றொன்பது வயதுவரை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு தனியாகவே இருந்தார் என்றால் நம்புவீர்களா? 2006இல், கண் பார்வை மோசமானபிறகுதான் பிரைட்டனுக்குப் பக்கத்தில் ஓவிங்டீனில் பார்வையிழந்த படைவீரர்களுக்கான இல்லத்துக்குப் போனார்.

இடையில்தான் அந்தத் திருப்பம். டென்னிஸ் குட்வின் என்று ஒருவர். முதல் உலகப்போரில் பங்கெடுத்தவர்களுக்காகச் சங்கம் நடத்தியவர். 2001 வாக்கில் இவரைத் தேடிக்கொண்டு வந்தார். அப்போது வயது 105. கிழவர் முதலில் பிடி கொடுக்கவில்லை. எனக்கு அதெல்லாம் பேச இஷ்டமில்லை என்று தட்டிக் கழிக்கத்தான் பார்த்தார். குட்வின் விடவில்லை. பேசிப்பேசிக் கரைத்தார்.

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். நான் காமர்ஸ் படித்தவன், கணக்காகவே பார்க்கிறேன். ஹென்றி படையில் இருந்தது 43 மாதம். 113 வருட ஆயுளில் அது மூன்று சதவிகிதத்துக்குக் கொஞ்சம் அதிகம். அந்த அசலுக்கு அவர் 90 வருடம் வட்டி கட்டினார். முதல் எண்பது சொச்ச வருடம் மௌனத்தால் கட்டினார். கடைசி எட்டு வருடம் பேசிக் கட்டினார்.

பேசுவது அவருக்குச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பேச வேண்டுமானால் மறுபடி அந்தப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். 105 வயதில் யார் இறங்குவார்கள்? அவர் இறங்கினார். நான் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல ஆள் கிடையாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். குழந்தைகளிடம் பேசினார். நினைவு நிகழ்ச்சிகளுக்குச் சக்கர நாற்காலியில் போனார். பிரான்ஸ் அரசு தன் உயரிய விருதைக் கொடுத்தது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று பொறியியலில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என்னை நினைக்காதீர்கள், திரும்பி வராத பையன்களை நினையுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

2006இல் ஜெர்மனிக்குப் போனார். விட்டன் என்ற ஊர். அங்கே ராபர்ட் மேயர் என்று ஒரு பெரியவர். வயது 109. ஜெர்மன் தரப்பில் அதே போரில் இருந்தவர். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் கொல்லச் சம்பளம் வாங்கிய இரண்டு கிழவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். அடுத்த சில மாதங்களில் மேயர் காலமாகிவிட்டார்.

2008 நவம்பர் 11. போர் முடிந்த 90ஆவது வருடம். லண்டன் நினைவுச் சின்னத்துக்கு மூன்று கிழவர்களை அழைத்து வந்தார்கள். ராணுவத்துக்கு ஹாரி பேட்ச், கடற்படைக்கு பில் ஸ்டோன், விமானப்படைக்கு அலிங்ஹாம். மலர் வளையத்தைத் தானே வைக்க வேண்டும் என்று 112 வயதுக்காரர் சக்கர நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முயன்றார், முயன்றார், முடியவில்லை. உடன் வந்தவர் வாங்கி வைத்தார்.

அடுத்த வருடம் மூவரும் இல்லை. ஜனவரியில் ஸ்டோன். ஜூலை 18இல் அலிங்ஹாம். சரியாக ஒரு வாரம் கழித்து ஹாரி பேட்ச். பதுங்கு குழியில் நின்று சண்டை போட்டவர்கள் என்று சொல்ல அதற்குப் பிறகு எந்த தேசத்திலும் யாரும் இல்லை. அலிங்ஹாமின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் மூவர் கடற்படை, மூவர் விமானப்படை. கடற்படைக்காரனாகவே இருந்துவிட்ட விமானப்படை மெக்கானிக்குக் கடைசியில் இருவருமே தோள் கொடுத்தார்கள்.

நம் வீடுகளிலும் பேசாத பெரியவர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்த்தார்கள், எதை விழுங்கினார்கள் என்று நாம் கேட்டதில்லை. அவர்களாகச் சொல்லமாட்டார்கள். சொன்னால் நாம் கஷ்டப்படுவோம் என்று அவர்களுக்குக் கவலை. குட்வின் மாதிரி ஒருவர் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் அலிங்ஹாமும் நீண்ட ஆயுளுக்காக மட்டும் ஒரு நாள் செய்தியில் வந்து மறைந்திருப்பார்.

போர் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டபோது ஒரு மெக்கானிக் பேசுவதைப்போலவே பேசினார். போர் முட்டாள்தனம். யாரும் ஜெயிப்பதில்லை. எப்படியும் கடைசியில் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும், அதை முதலிலேயே செய்துவிட்டால் என்ன?

பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பழுதாகிற சத்தம் கேட்கும்போதே வண்டியை நிறுத்திப் பார் என்று எந்த ஒர்க் ஷாப்காரரும் சொல்வார். வண்டி ஓட்டுகிறவர்கள்தான் கேட்பதில்லை.